யாரும் அடிக்காத முதல் அடி

சிப்பித்துறையில் ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள், ஒன்பதாயிரம் நெஞ்சு இருந்தது, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கடல் நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்கு அவை எல்லாம் சேர்ந்து ஒன்றாக அடிக்கத் தொடங்கின. அது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அதன் பிறகு ஊர் என்ன செய்தது என்பதுதான் கதை, ஏனென்றால் வெட்கப்பட வேண்டியதும் அதில்தான் இருக்கிறது, பெருமைப்பட வேண்டியதும் அதில்தான் இருக்கிறது.

எப்போதோ வந்த ஒரு புயலில் கடல் ஊரை விட்டுவைத்ததற்காக, மாதா கோயில் தெருவும் அம்மன் கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒன்றாகக் கூடி, கொட்டு முழக்கத்தோடு கரைக்குப் போய், கடலுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவார்கள். அதுதான் கடல் நாள். ஆனால் ஊர்வலத்தின் முதல் அடியை யார் கொட்டில் அடிப்பது? மாதா கோயில் பேண்டா, அம்மன் கோயில் உறுமியா, பள்ளிவாசல் தப்ஸா? முதல் அடி என்பது வெறும் சத்தமா என்ன, அது முதல் மரியாதை, அதை விட்டுக்கொடுத்தால் அப்பன் பாட்டன் பேரே போச்சு என்று மூன்று தெருவும் மல்லுக்கு நின்றதில், கடல் நாளே பன்னிரண்டு வருஷம் நடக்காமல் போனது. கடல் கேட்டதா முதல் மரியாதை? யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பதின்மூன்றாம் வருஷம் தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் அம்மா நான்கு மணி நேரம் மூன்று தெருப் பெரியவர்களின் கூச்சலையும் கேட்டு, இரண்டு தலைவலி மாத்திரை போட்டு, கடைசியில் ஒரு உத்தரவு எழுதினார்: ‘எத்தரப்பினரும் முதல் அடியை அடிக்கலாகாது. தாளம் எத்தனை முறை சுற்றி வரினும் அத்தனை முறையும் முதல் அடி காலியாக விடப்பட வேண்டும்.’ ஊர்வலத்தின் முன்னால் எந்தத் தெருவின் கொட்டும் போகக் கூடாது, ஜெசிந்தாவின் இன்னிசைக் குழுதான் போக வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பேச்சிராஜ் மூன்று தெருவில் எதையும் சேர்ந்தவர் இல்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பேரூராட்சி வேலையாட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைச் சேர்ந்தவர். லயன் வீட்டுக்காரன் அடித்தால் அது மரியாதையில் சேராது என்று மூன்று தெருவும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ஜெசிந்தாவுக்கு வயது இருபத்து நான்கு. பகலில் வலைக் கம்பெனியில் வேலை, சாயங்காலத்தில் பேஸ் கிட்டார். அவள் அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர்; கிங்ஸ்டன் என்கிற துறைமுகத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகள் கொண்டுவந்தார், அதில் இருந்த ரெகே பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சிராஜ் தலையில் அடித்துக்கொண்டபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன பிள்ள சிரிக்க? முதல் அடி இல்லாம எவன் வாசிப்பான்?”

“பேச்சிண்ணே, இதைத்தானே நான் ரெண்டு வருஷமா உங்ககிட்ட கத்திக்கிட்டு இருக்கேன்! முதல் அடியை விட்டுருங்க, மூணாவதுல போடுங்கன்னு. அதுதாண்ணே ரெகே. நான் சொன்னா கேக்க மாட்டீங்க, தாசில்தார் சொன்னா கேப்பீங்களோ?”

கீபோர்டு வாசிக்கிற பள்ளிவாசல் தெரு நூகு, “அரசு முத்திரை குத்தின தாளம், தப்பினா ஜெயில்தான் பேச்சிண்ணே” என்றான்.

அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. மினி லாரியில் ஸ்பீக்கர் கட்டி, அதன் மேல் மூன்று பேரும் ஏறி நின்று, பின்னால் மூன்று தெருக் கொட்டும் விறைப்பாக வர, ஜெசிந்தா பாடினாள்: “உன் கையைத் தா, என் கையைத் தாரேன், நடுவுல நிக்குறது காத்துதானே, காத்துக்கு ஏதுடி வேலி?” முதல் அடி வர வேண்டிய இடம் வந்தது, யாரும் அடிக்கவில்லை, மறுபடி வந்தது, பேண்டும் உறுமியும் தப்ஸும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தன, நாலாவது சுற்றில் அந்தக் காலி இடத்தில் ‘டும்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எவன்டா அடிச்சது என்று மூன்று தெருவும் திரும்பி ஒன்றை ஒன்று முறைத்தது. எல்லார் கையும் சும்மாதான் இருந்தது. அடித்தது நெஞ்சு. லாரியில் நின்றவர்கள் நெஞ்சும், மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் நெஞ்சும், படுக்கையில் கிடந்தவர்கள் நெஞ்சும், தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் நெஞ்சும், ஒன்பதாயிரமும் ஒரே நொடியில் ஒரே அடியாக அடித்தன, அன்றைக்கு அடித்தது மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தன.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ருக்கையா காலையில் வந்ததும் தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்து, எழுபத்து நான்கு என்று நோட்டில் ஒரு தரம் எழுதி, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே போட்டாள். கலங்கரை விளக்கத்தின் படியில் யாராவது ஓடி ஏறினால் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, “எவன்ல அது, மெதுவா ஏறு” என்று அந்தத் திசையைப் பார்த்துக் கத்தினார்கள். ஒரு புதன்கிழமை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஊரின் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளி, பிறகு தித்திப்பாகக் குழைந்தது. யாரோ யாரிடமோ சரி என்று சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, யார் என்றுதான் தெரியவில்லை, மூன்று நாள் ஊரே சந்தேகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. வீட்டில் கை ஓங்கினவன் கதவை, ஒரு நிமிஷத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தட்டினார்கள், அவன் பெண்டாட்டி மேல் அவர்களுக்குப் பாசம் பொங்கியதால் அல்ல, “உன்னால எனக்குப் படபடங்குது, உக்காந்து தண்ணியக் குடி” என்று சொல்வதற்காக. எந்தக் காரணமாக இருந்தால் என்ன, கை இறங்கியது.

பாட்டை ஒவ்வொரு ஞாயிறும் கடற்கரையில் பாட வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஜெசிந்தாவுக்குத் தொண்டை கட்டிப் பாடாமல் விட்டபோது, புதன்கிழமைக்குள் நெஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தன் வழியில் போயின. திருவிழாக் கூட்டத்தில் கை தவறிய பிள்ளைகள் மாதிரி ஜனங்கள் திருதிருவென்று முழித்தார்கள். தேனும் மிளகும் எடுத்துக்கொண்டு மூன்று தெருவிலிருந்தும் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஜெசிந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்பு, ஒற்றுமை என்று எல்லாரும் பாடத்தான் செய்கிறார்கள், நடத்திக் காட்டியது நான்தான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணம் இரண்டு மாசம் இருந்தது.

பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது.

முதல் மாசங்களில் இல்லாத புது விஷயம் ஒன்றும் அல்ல அது, ஒவ்வொரு செவ்வாயும் பதினோரு மணிக்கு லேசாக இருந்ததுதான்; ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் அது பலமாகிவிட்டது. சரியாகப் பதினோரு மணிக்கு ஊரின் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும், தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்று நாற்பது என்று ஏறும், உள்ளங்கை வியர்க்கும், வாய் காயும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிலேட்டைப் போட்டுவிட்டு அழும், இருபது நிமிஷம் கழித்துத் தானாக அடங்கும். இது ஓடுகிற படபடப்பு இல்லை, கோபப் படபடப்பு இல்லை, காதலும் இல்லை. இது பயம். வெறும் பயம். யாருடையது?

அம்மன் கோயில் தெரு பள்ளிவாசல் தெருவைச் சொன்னது, பள்ளிவாசல் தெரு மாதா கோயில் தெருவைச் சொன்னது. பூசை போட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள், ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். பிறகு மூன்று தெருவும் கல்யாண மண்டபத்தில் கூடின.

“பாட்டை நிறுத்திருவோம்” என்றார் ஐஸ் கம்பெனி மிராண்டா. “எவனோ பயப்படுதான், நான் எதுக்குச் சாவணும்? எனக்கு ஏற்கெனவே நெஞ்சுல ரெண்டு குழாய் வச்சிருக்கு.”

“ஆமா, நிறுத்தறதுதான் நல்லது” என்றார் அம்மன் கோயில் ஆறுமுகநயினார்.

ஜெசிந்தா எழுந்தாள். “அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிப்போம்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?”

“எங்கெங்கயோ தேடியாச்சும்மா.”

“ஒரு செவ்வாய் குடுங்க. நான் கண்டுபிடிக்கேன். முடியலைன்னா ஞாயித்துக்கிழமை நானே மைக்கைத் தொட மாட்டேன்.”

மூன்று தெருவிலும் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். செவ்வாய் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடக்கிறது? இட்லிக்கு ஊற வைக்கிறோம், சீரியல் பார்க்கிறோம், தூங்குகிறோம். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஒரு வீடும் மிச்சமில்லை என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோதுதான், தான் ரயில்வே கேட்டைத் தாண்டவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாகத் தனக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கிற மனுஷன் வீட்டுக்கு அவள் ஒரு தரம்கூடப் போனதில்லை.

லயன் வீடுகள் வரிசையில் ஏழாவது கதவு திறந்திருந்தது. பேச்சிராஜின் மனைவி பூரணி நிலைப்படியில் சம்மணம் போட்டு, ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று. ஜெசிந்தாவின் நெஞ்சு முட்டத் தொடங்கியது.

“மைனி, இது யாருக்கு அடிக்குன்னு தெரியுமா?”

பூரணி கண்ணைத் திறக்கவில்லை. “உங்களுக்கெல்லாம் இப்பத்தான் தெரியுதாக்கும்? எனக்குப் பதினாலு வருஷமா செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு இப்படித்தான் அடிக்கி. ஒரு பாட்டும் இல்லாம.”

“அண்ணன் எங்க மைனி?” என்றாள் ஜெசிந்தா.

“மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால போ” என்றாள் பூரணி.

திங்கட்கிழமை சந்தை முடிந்து, செதிலும் குடலும் சேர்ந்து சாக்கடைக் குழி அடைத்துக்கொள்ளும்; செவ்வாய்க்கிழமை அதைக் குத்திவிட வேண்டும். குழி இரண்டு ஆள் ஆழம். ஜெசிந்தா ஓடிப்போய் நின்றபோது ஒருவர் கயிற்றைப் பிடித்திருந்தார், கயிற்றின் முனையில் பேச்சிராஜ் இருந்தார், கழிவுக்கு வெளியே கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தார். அவர் மேலே வந்து, குழாயடியில் நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்வரை ஊரின் நெஞ்சு இறங்கவில்லை.

“இங்க எதுக்கு வந்த பிள்ள? நாத்தம், போ.”

“ஆபீஸ்ல பைல் எடுத்துக் குடுக்கற வேலைன்னு சொன்னீங்க.”

“பைலும் எடுத்துக் குடுப்பேன். செவ்வாக்கிழமை இது.”

“இது சட்டப்படி தப்புண்ணே! ஆளை இறக்கவே கூடாது!”

“சட்டம் மேல நிக்கும். குழி கீழ இருக்கு.”

“பயமா இருக்குமா?”

“சேச்சே. பழகிட்டு.”

“அண்ணே, ஒன்பதாயிரம் பேருக்குத் தெரியும். எங்கிட்ட எதுக்குப் பொய்?”

பேச்சிராஜ் அவளைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். “நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஊருக்கே தொந்தரவு குடுத்துட்டேன். ஐப்பசியில எங்கூட வேலை பார்த்தவன் பக்கத்து ஊருல இறங்கினான், ஏறல. அதுலேர்ந்து கூடிப்போச்சு. இனிமே நான் வாசிக்கல பிள்ள. நான் வாசிக்கலைன்னா பாட்டு நின்னுரும், எல்லாருக்கும் நிம்மதி.”

“எல்லாருக்குமா?” என்றாள் ஜெசிந்தா. கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. ஊர் மேல் பாதிக் கோபம், மீதி தன் மேல். கையைத் தா, கையைத் தாரேன் என்று மைக்கில் எத்தனை தரம் பாடியிருப்பாள்!

மண்டபத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டவர்கள் வாய் திறந்தார்கள், திறக்காமலே இருந்திருக்கலாம்.

“அவருக்கு வேற ஊருக்கு மாத்தல் வாங்கிக் குடுத்துருவோம்” என்றார் ஆறுமுகநயினார். “பயம் அங்க போயிரும்.”

“வெளியூர்க்காரனைக் கூட்டிட்டு வந்து இறக்குவோம், அவன் நெஞ்சு நம்மகூடச் சேராதுல்லா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சேரும்” என்றாள் ஜெசிந்தா. “ஊர் எல்லைக்குள்ள கால் வச்சாச் சேரும், பஸ் டிரைவரைக் கேட்டுப் பாருங்க. இன்னொண்ணும் சொல்லுதேன். பாட்டை நிறுத்தினா அவர் பயம் நிக்காது, உங்களுக்குத் தெரியறதுதான் நிக்கும். பதினாலு வருஷமா அப்படித்தானே இருந்தது? நல்லாத்தான் இருந்தீங்க. மிராண்டா மாமா, அந்த இருபது நிமிஷம் எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

மிராண்டா மேல்சட்டைப் பையைத் தடவினார். “குழிக்குள்ள விட்ட மாதிரி இருக்கு” என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கி, உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மூன்று தெருவும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனது. செயல் அலுவலர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அடைப்பு எடுக்கிற இயந்திரம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, கேட்டால் வரும். “ஆனா எதை வச்சுக் கேக்கறது? ஆளை இறக்குறதா எங்க ரெக்கார்டுலயே இல்லை. சம்பந்தப்பட்ட பணியாளர் புகார் எதுவும் தரலையே? இறங்க மாட்டேன்னு அவர் வந்து சொல்லட்டும்.”

பேச்சிராஜுக்குக் குழியைவிட இது பெரிய குழி. வேலை போனால் லயன் வீடு போகும், பூரணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அவர் அப்பா செயல் அலுவலர் அறைக்குள் போனதில்லை, அவரும் வாசலில் நின்று ‘சரிங்கய்யா’ என்று சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “எனக்கு நாக்கு எழும்பாது பிள்ள” என்றார். “உள்ள போனதும் நெஞ்சு வெடிச்சிரும்.”

“வெடிக்காது. அது உங்க ஒருத்தர் நெஞ்சா என்ன?” என்றாள் நர்ஸ் ருக்கையா. அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அவர் நெஞ்சு ஊரை இழுக்கும் என்றால், ஊர் நெஞ்சு அவரை இழுக்காதா?

செவ்வாய்க்கிழமை வந்தது. பேச்சிராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார், ஜெசிந்தா வராந்தாவில் தூணைப் பிடித்து நின்றாள். பதினோரு மணிக்கு நெஞ்சு ஏறத் தொடங்கியது, எந்தச் செவ்வாயும் ஏறாத அளவுக்கு ஏறியது. அப்போது பஜாரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார், வலைக் கம்பெனியில் பெண்கள் மிஷின்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள், ஐஸ் கம்பெனியில் மிராண்டா ஐஸ் பாளத்தின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார்ந்தன, கரைக்குப் பக்கத்தில் நின்ற வள்ளங்களில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ருக்கையா வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்த மாதிரி நாலு எண்ணி மூச்சை இழுத்தார்கள், ஆறு எண்ணி விட்டார்கள், இழுத்தார்கள், விட்டார்கள், ஒன்பதாயிரம் பேர், அலை வந்து போகிற மாதிரி. பார்க்கப்போனால் எல்லாரும் மூச்சுதான் விட்டார்கள், அதற்கு மேல் ஒரு தியாகமும் செய்யவில்லை; ஆனால் அந்த ஊரில் ஒருத்தனுக்காக எல்லாரும் ஒரு வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை. நூற்று நாற்பது நூற்றுப் பத்தானது, தொண்ணூறானது, ஜெசிந்தாவின் கை தூணைவிட்டுத் தானாக நழுவியது.

செயல் அலுவலர் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரும் ஊர் எல்லைக்குள்தானே இருந்தார்.

“இறங்க மாட்டேன் சார்” என்றார் பேச்சிராஜ். சாதாரணக் குரலில், டீ வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. “நானும் மாட்டேன். என்கூட வேலை பாக்கற ஆளுகளும் மாட்டாங்க. மெஷினுக்கு எழுதுங்க.”

“அது வர ஒரு வாரம் பத்து நாள் ஆகுமே. அதுவரைக்கும் மார்க்கெட்?”

“தேங்கட்டும் சார்.”

தேங்கியது. ஒன்பது நாள் தேங்கியது, மீன் மார்க்கெட் கழிவு பஜாருக்கு வந்து, பஜாரிலிருந்து மூன்று தெருவுக்கும் வந்து, மாதா கோயில் வாசலிலும் அம்மன் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் பாரபட்சம் பார்க்காமல் நின்றது. ஜனங்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். முணுமுணுத்தார்கள், முணுமுணுக்காமல் இருக்க அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. ஆனால் இறங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் இயந்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜ் வாசித்தார், பூரணி முதல் தடவையாகக் கடற்கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து கேட்டாள்.

செவ்வாய்க்கிழமைகள் சாதாரணக் கிழமைகளாகிப் போயின. ஒரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, எந்தக் காரணமும் தெரியாமல் ஊரின் நெஞ்சு மெல்லப் படபடத்தது. அடுத்த வியாழனும் படபடத்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்றார்கள் சிலர், ஐஸ் கம்பெனியில் ஷிப்டு மாறுகிற நேரம் என்றார்கள் சிலர். பாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை. மிராண்டா முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டார், ஆறுமுகநயினார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார், இரண்டு பேரும் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு கேட்கப் புறப்பட்டார்கள், யாருக்குப் பயம், எதற்குப் பயம் என்று, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஊரின் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி.